அத்தை மரியாதையாகப் பேசிய நாட்கள்

என் மாமியார் என்னிடம் மரியாதையாகப் பேசத் தொடங்கிய நாளைத்தான் அவருடைய நோயின் முதல் நாளாக என் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அன்று அதை நோய் என்று யாரும் நினைக்கவில்லை. நானும்தான். உண்மையைச் சொன்னால், எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

இப்போது அவர் நன்றாக இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் வரும் நாட்களை எழுதும்போது எனக்கே அந்த நினைப்பு தேவைப்படுகிறது.

நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கடைசி செக்கிங்கில் இருக்கிறார். தைத்து முடித்த மேல்பாகங்கள், அடி ஒட்டுவதற்கு முன்னால், அவர் மேஜைக்கு வரும். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தடவித் திருப்பிப் பார்ப்பார். தையல் விட்டிருந்தாலோ, தோலில் கீறல் இருந்தாலோ, அந்த இடத்தைக் காட்டும்படி ஒரு சின்ன சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். நகம் அளவு இருக்கும், அதில் ஓர் அம்புக்குறி. ஸ்டிக்கர் ஒட்டிய பீஸ் தையல் லைனுக்குத் திரும்பிப் போகும். அங்கே ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு: சரிசெய்தவர் ஸ்டிக்கரை எடுக்கக் கூடாது. சரிசெய்து, ஸ்டிக்கரோடு அத்தையிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும். அவர் மறுபடி கட்டைவிரலால் தடவிப் பார்த்து, தன் கையாலேயே உரித்து எடுப்பார்.

கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே எனக்கு இந்த வழக்கம் புரிந்துவிட்டது. ஏனென்றால் அந்த ஸ்டிக்கர் தாளில் மீந்தது அவர் பையில் வீட்டுக்கு வரும். விளிம்பில் பிசுக்கு இருந்த குக்கர் மூடியில் ஒன்று. நான் மடித்த புடவையின் கோணலான ஓரத்தில் ஒன்று. கம்பெனி பஸ்ஸில் ஏறின பிறகு, கொக்கி விட்டுப்போன என் ஜாக்கெட்டின் முதுகில் ஒன்று இருப்பதைப் பக்கத்து சீட்டுப் பெண் சொன்னாள். ஒருநாள் குக்கர் மூடியைக் கழுவாமலே ஸ்டிக்கரை மட்டும் உரித்துப் போட்டுவிட்டேன். மறுநாள் அதே இடத்தில் இரண்டு இருந்தன.

பேசினால் இதைவிட மோசம். நான் லெதர் டெக்னாலஜியில் டிப்ளமோ முடித்து, ஒரு தோல் பதனிடும் கம்பெனியின் லேபில் வேலை பார்க்கிறேன். தோலைக் கிழித்து வலு பார்ப்பது, தேய்த்துச் சாயம் போகிறதா பார்ப்பது, நீரில் ஊறவைத்து அமிலத்தன்மையை, அதாவது பிஎச், பார்ப்பது, இவைதான் என் வேலை. இதை அத்தை தெருவில் இப்படி அறிமுகப்படுத்துவார்:

"எம் மருமவ மூணு வருசம் படிச்சிட்டு தோல கிழிக்கிறா. எங்க வூட்டு நாய் படிக்காமலே கிழிச்சிது."

ரசம் வைத்தால், "இன்னா லேப் அம்மா, பிஎச் பாத்துதான் எறக்கினியா?" என்பார். நான் சாமான் பட்டியல் எழுதினால், பட்டியலை எங்கே வைத்தேன் என்பதற்கு ஒரு பட்டியல் எழுதச் சொல்வார். அவருக்குப் பதில் சொல்லும் வேகம் எனக்கு இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து, லேபில் தோலை வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் நல்ல பதில் தோன்றும்.

அந்த அத்தை ஒரு நாள் காலையில் என் டிபன் பாக்ஸை நீட்டி, "நீங்க சாப்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

அந்த வாரம் முழுக்க "வாங்க", "போங்க"தான். ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, அதே கம்பெனியில் தையல் மெஷினில் இருப்பவர், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது சொன்னார்: "உனுக்கு நசீப் நல்லா கீது, அதிஷ்டக்காரி நீ. எம் மாமியார் கடைசி வரிக்கும் ஒரு வார்த்த அப்டி பேசல."

நானும் சிரித்தேன். இரண்டு வருடத்தில் என் வேலை சுத்தமாகிவிட்டது, அதனால்தான் ஸ்டிக்கர் இல்லை என்றுகூட நினைத்துக்கொண்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பிறகு டம்ளர்கள் விழ ஆரம்பித்தன. அவர் கையிலிருந்து நழுவி விழவில்லை. யாரோ முழங்கையைத் தட்டிவிட்டதுபோல் கை சட்டென்று துள்ளும், டம்ளர் பறக்கும். பேச்சு பாதியில் நிற்கும். "அத எடும்மா, அந்த... அது..." என்று உப்பு டப்பாவைப் பார்த்தபடியே நிற்பார். உப்பு என்ற சொல் வராது. சாயங்காலம் அந்தச் சொல் தானாக வந்துவிடும். கம்பெனியில் ஒரு லாட் முழுக்கத் தையல் விட்ட பீஸ்களைச் சரி என்று அனுப்பிவிட்டார். அடுத்த நாள், நல்ல பீஸ்களில் எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டினார். சூப்பர்வைசர், பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியனுப்பினார்: "அம்மாவ கொஞ்ச நாள் வூட்ல வெச்சிக்கச் சொல்லு. நான் லிஸ்ட்லருந்து பேர எடுக்கல. நல்லாயிட்டு வரட்டும்."

நான் ஒரு புது நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் காரணங்களைப் பட்டியல் போட்டேன். ஒன்று, பசை வாசனை. இரண்டு, சர்க்கரை. மூன்று, தூக்கக் குறைவு. நான்கு, தைராய்டு. ஐந்து, மாதவிலக்கு நிற்கும் வயது. ஆறு, மூளையில் ரத்த அடைப்பு. ஏழு, மனநோய். ஏழாவதை மட்டும் பென்சிலில் எழுதினேன்.

பசை வாசனையை முதலில் போட்டதற்குக் காரணம் இந்த ஊர்தான். இங்கே தலைவலியிலிருந்து குழந்தை படிக்காதது வரை எதற்கும் முதலில் கம்பெனியைத்தான் சொல்வோம். கம்பெனிக் கழிவு, கம்பெனிப் பசை, கம்பெனித் தண்ணீர். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். நான் ஒரு படி மேலே போய், அந்தப் பசையின் பாதுகாப்புத் தாள்களைத் தேடி எடுத்து, நரம்பைப் பாதிக்கும் பொருட்களைக் கோடிட்டு, அத்தையின் மேஜைக்கும் பசை போடும் இடத்துக்கும் எத்தனை அடி என்று அக்காவிடம் விசாரித்தேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானும் அதே வாசனைலதான் பதினாலு வருசமா கீறேன். எனக்கு இன்னா ஆச்சி?"

அத்தை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு பதில் இருந்திருக்க வேண்டும். 'உனக்கு முன்னாடியே ஆயிட்டுது, அதான் தெரியல' என்றோ, அதைவிட மோசமாகவோ. நானும் அக்காவும் அந்தப் பதிலுக்காக அவர் முகத்தைப் பார்த்தோம். அத்தை தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மூன்று வாரம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தும் அத்தைக்கு அதிகமாகத்தான் ஆனது. முதல் வரியை அடித்தேன். சர்க்கரை இல்லை, அடித்தேன். நான்காவது வரியை அடிப்பது எல்லாவற்றையும்விடச் சுலபமாக இருந்தது. அத்தை சில வருடங்களாகக் காலையில் தைராய்டு மாத்திரை போடுகிறார். ரத்தத்தில் பார்த்தோம், அளவு சரியாக இருந்தது. ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது, கூடத்துச் சுவரில் சிவப்பு ஸ்டிக்கர்கள். ஒரு தாள் முழுக்க ஒட்டியிருந்தார். எல்லா அம்புகளும் ஜன்னலைப் பார்த்து இருந்தன.

"இன்னாத்துக்கு அத்தை இது?"

"பூச்சிங்க போவுதும்மா. வழி தெரில அதுங்களுக்கு. வழி காட்றேன்." பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மிகவும் பணிவாகக் கேட்டார்: "நீங்க யாரு வூட்டு பொண்ணு?"

சுவரில் பூச்சி எதுவும் இல்லை.

என் கணவர் வந்து பார்த்தார். ஒவ்வொரு ஸ்டிக்கராக நகத்தால் உரித்தார். அந்த வீட்டில் அத்தை அல்லாத ஒருவர் ஸ்டிக்கரை உரித்து, அதை அத்தை பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

நான் அளக்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. கை நடுக்கம், பேச்சு, கிழமை தெரிகிறதா, ஆளைத் தெரிகிறதா, தூக்கம். எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு மதிப்பெண்; ஐந்து என்றால் நன்றாக இருக்கிறார். பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பு. எங்கள் லேபில் ஒரு தோலின் வலுவைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு துண்டை மட்டும் கிழிக்க மாட்டோம். பல துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றையும் கிழித்து, சராசரி எடுத்து அந்த ஓர் எண்ணைத்தான் ரிப்போர்ட்டில் எழுதுவோம். ஒரு துண்டு மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் எங்கேயோ போனால், மெஷினில் பிடிப்பு சரியில்லை என்று சந்தேகப்படுவோம். அத்தைக்கும் அப்படியே செய்தேன். வார சராசரி போட்டு, கம்ப்யூட்டரில் அடித்து, ஒரே ஒரு தாளாக்கினேன். அந்தத் தாளில் ஒரு கோடு மெதுவாக, சீராகக் கீழே இறங்கியது.

அந்தத் தாளைத்தான் டாக்டர்களிடம் நீட்டினேன். தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஒருவர் மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்றார். இன்னொருவர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். அதில் தூக்கம்தான் கூடியது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நான் தந்த தாளைப் பார்த்தால் யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

நடுவில் நல்ல நாட்களும் வந்தன. அதை நான் நோட்டில் எழுதாமல் இல்லை. ஒரு புதன்கிழமை அத்தை எழுந்து, குளித்து, தானே தோசை ஊற்றினார். என் ரசத்தை வாயில் வைத்துவிட்டு, "பிஎச் கம்மியா கீதுடி" என்றார். ஐந்து போட்டேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். வியாழக்கிழமை மறுபடி ஒன்று. அந்தப் புதன்கிழமை ஏதோ பிடிப்பு சரியில்லாத ரீடிங் என்று முடிவு செய்தேன். அதுபோல ஏழெட்டுக் கேள்விக்குறிகள் நோட்டில் இருந்தன. சராசரியில் அவை எல்லாம் கரைந்து போயின.

அத்தை ஒரு மத்தியானம் கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துவிட்டார். அக்கா வாசனை வந்து ஓடிவந்து மூடினார். அன்று சாயங்காலம் கணவர் வாசற்படியில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ஆலங்காயம் பக்கம் ஒரு ஜெப வீடு கீதாம். இந்த மாதிரி இருக்கறவங்கள வெச்சி பாத்துக்கறாங்களாம். நம்ம சர்ச்ல ஒருத்தர் சொன்னாரு."

"பாத்துக்கறாங்கன்னா?"

"அங்கியே இருப்பாங்க. நாம மாசத்துக்கு ஒருவாட்டி போய் பாக்கலாம்."

"அவங்களுக்கு இன்னான்னே நமக்குத் தெரியாதுங்க. தெரியாம எப்டி கொண்டுபோய் வுட்றது?"

"ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். நாளைக்கு வூடு வெடிச்சா? அக்கா வூட்டுக்கு இன்னா பதில் சொல்றது? எனக்கு மட்டும் ஆசையா? எங்கம்மா என்ன 'வாங்க தம்பி'ன்னு கூப்புட்றாங்க."

மாதக் கடைசி வரை நேரம் கேட்டேன். "சரி, உன் நோட்டுல இன்னா வருதோ பாரு" என்றார். நோட்டில் ஒன்றும் வரவில்லை. ஏழாவது வரியைத் தவிர எல்லாவற்றையும் அடித்திருந்தேன்.

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அத்தைக்கு வலிப்பு வந்தது. அக்காவின் கணவர் தன் காரை எடுத்தார். பின் சீட்டில் அத்தையின் தலை அக்கா மடியில். வேலூர் போகும் வழியில் பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டிகள் நின்ற சில நிமிடங்களில் அக்கா குர்ஆன் வசனம் ஏதோ ஓதி அத்தை நெற்றியில் ஊதினார். என் கணவர் முன் சீட்டில் பைபிளிலிருந்து சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வலிப்பு எத்தனை நிமிடம் இருந்தது என்று கையில் எழுதினேன்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் காலை நரம்பியல் பிரிவில் ஒரு டாக்டர் வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவராக இருப்பார். நான் தாளை நீட்டினேன். அவர் பார்த்தார், திருப்பினார், பின்பக்கம் காலி.

"இது என்ன கணக்கு?"

"வார சராசரி டாக்டர். ஒரு நாளைக்கி ரெண்டு வாட்டி பாத்து போட்டது."

"நல்லாதான் போட்டிருக்கீங்க. ஆனா சராசரி எனக்கு வேணாம். தினம் தினம் எழுதினது இருக்கா?"

நோட்டு பையில் இருந்தது. அட்டையில் எண்ணெய்க் கறை, உள்ளே மஞ்சள் விரல் அடையாளங்கள். ஒரு ரிப்போர்ட்டை அந்த நிலையில் நான் யாரிடமும் கொடுத்ததில்லை. தயங்கித்தான் கொடுத்தேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே படித்தார். புதன்கிழமையில் விரல் நின்றது.

"இங்க அஞ்சு போட்டிருக்கீங்க. கேள்விக்குறி ஏன்?"

"அன்னிக்கி ரொம்ப நல்லா இருந்தாங்க. முன்னாடி நாளும் ஒண்ணு, அடுத்த நாளும் ஒண்ணு. நடுவுல அஞ்சு எப்டி வரும்? நான் தப்பா பாத்திருப்பேன்னு..."

"அன்னிக்கி என்ன பண்ணாங்க?"

"என் ரசத்துல பிஎச் கம்மின்னு சொன்னாங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். நான் விளக்கினேன். அவர் சிரித்துவிட்டார். "அப்ப நீங்க தப்பா பாக்கல. அன்னிக்கி அவங்க நிஜமாவே நல்லா இருந்திருக்காங்க." மீதிக் கேள்விக்குறிகளையும் தேடி எண்ணினார். "பொதுவா வயசானவங்க மறதி நோய் இப்படி ஏறி ஏறி இறங்காது. கை இப்படித் துள்ளறதும் வேற எதையோ சொல்லுது. இது போயிட்டு போயிட்டு வருது. போனது திரும்பி வருதுன்னா, மூளை அழிஞ்சிடல. ஏதோ அதைக் குழப்புது." பிறகு முதல் பக்கத்துக்கு வந்தார். "தைராய்ட ஏன் அடிச்சீங்க?"

"மாத்திரை போடறாங்க. டெஸ்ட்ல அளவு சரியா இருந்துது."

"ஹார்மோன் அளவு சரி. தைராய்ட எதிர்த்து உடம்பே உண்டாக்கற ஆன்டிபாடி இருக்குமே, அதைப் பாத்தீங்களா?"

அப்படி ஒன்றைத் தனியாகப் பார்க்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. லேபில் நான் புதிதாகச் சேர்ந்தபோது, ஒரு தோல் கட்டின் மேல் தோலில் மட்டும் ஈரப்பதம் பார்த்துவிட்டு, சரி என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பிரித்தபோது உள்ளே பூஞ்சை. அதேதான். நான்காவது வரியை நான் எவ்வளவு நேராக அடித்திருந்தேன் என்பது அப்போது கண்ணை உறுத்தியது.

அவர் அவசரப்படவில்லை. மூளைக்காய்ச்சல் கிருமிகள் இருக்கின்றனவா, வேறு ஏதாவது கோளாறா, எல்லாம் பார்க்க வேண்டும் என்றார். முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள். தலை முழுக்க ஒயர் ஒட்டி மூளையின் மின்னோட்டத்தை எடுத்தார்கள். அது மந்தமாக இருந்தது. மறுபடி ஸ்கேன். ஒவ்வொரு முடிவாக வந்தது, ஒவ்வொரு காரணமாக அடிபட்டது. இந்தத் தடவை அடிப்பது நான் இல்லை, அதனால் எனக்கு நம்பிக்கை இருந்தது. கணவர் மட்டும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். ஜெப வீட்டிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. எடுத்து, "சொல்றேங்க" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

ஆன்டிபாடி முடிவு கடைசியாக வந்தது. இருக்க வேண்டிய அளவைப் போல் பல மடங்கு.

டாக்டர் எங்கள் இருவரையும் வராந்தாவில் நிறுத்திச் சொன்னார். "இந்த ஒரு நம்பரை வெச்சு மட்டும் சொல்ல மாட்டேன். நல்லா இருக்கறவங்க நிறைய பேருக்கும் இது ஜாஸ்தியா இருக்கும். ஆனா மத்த எல்லாத்தையும் பாத்தாச்சு, எதுவும் இல்ல. தைராய்டு ஆன்டிபாடியோட சேர்ந்து வர்ற ஒரு மூளைக் கோளாறு இருக்கு. ரொம்ப அபூர்வம். உடம்போட காவலே உடம்பைத் தாக்கற வகை. ஸ்டீராய்டு கொடுத்துப் பாக்கலாம். நிறைய பேருக்கு நல்லா கேக்குது."

நோயின் பெயரை என் நோட்டில் அவர் கையாலேயே எழுதினார். நீளமான பெயர், ஒரு வரிக்குள் அடங்கவில்லை.

என் கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அப்ப இது பைத்தியம் இல்லியா டாக்டர்?"

"மனநோயும் நோய்தான் சார், அதுக்கும் மருந்து இருக்கு. ஆனா இது அது இல்ல."

"சரிங்க" என்றார். திரும்பி நடந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தேடிப் போனேன். குடிதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். பின்னால் தண்ணீர் பிடிக்க நின்ற ஒருவர், "முடிச்சிட்டீங்களா பாஸ்?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்டீராய்டு டிரிப் ஏற ஆரம்பித்த முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் கை துள்ளுவது குறைந்தது. நோட்டில் இரண்டு போட்டேன். மூன்றாம் நாள் காலை, நான் அத்தைக்கு இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தேன். அத்தை வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார். நெற்றியிலிருந்து தோள் வரை மெதுவாகப் பார்வை இறங்கியது. மேஜையில் பீஸைத் திருப்பிப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"இன்னாடி தல இது? ஆஸ்பத்திரில சீப்பு கொண்டார வுட மாட்டாங்களா?"

கையிலிருந்த இட்லித் துண்டைத் தட்டில் வைத்தேன்.

"எத்தினி நாளா இப்டி திரியற? பாக்கறவங்க என்ன இன்னா நெனப்பாங்க? மருமவள பட்டினி போட்டு வேல வாங்கறான்னு பேசுவாங்க." பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் திரும்பி, "எம் மருமவ. லேப்ல வேல. தோல கிழிப்பா" என்றார்.

என் கணவர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். கதவு வழியாக அவர் போனில் பேசுவது கேட்டது. "ஜெப வீடுங்களா? வணக்கங்க... இல்லங்க, வரல... இல்லங்க, அவங்களுக்கு மருந்து கேக்குதுங்க. ரொம்ப நன்றிங்க." நான் நோட்டை எடுத்து மணியைப் போட்டு, ஐந்து என்று எழுதினேன். கேள்விக்குறி போடவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் நேராக நடந்துவிடவில்லை. ஸ்டீராய்டு மாத்திரையில் அத்தையின் முகம் பூரி போல் உப்பியது. சர்க்கரை ஏறியது, அதற்கு ஒரு மாத்திரை. பசி தாங்காமல் ஆற்காட்டிலிருந்து யாரோ வாங்கிவந்த மக்கன் பேடா என்ற இனிப்பை ஒளித்து வைத்துத் தின்று, டப்பாவில் நான் எண்ணி வைத்திருப்பேன் என்று தெரிந்து, "பூச்சி தின்னுட்டு போச்சி, வழி காட்டி வுட்டேன்" என்றார். மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வந்து, இப்போது மிகச் சிறிய அளவில் இருக்கிறது. மறுபடி வரலாம், வந்தால் உடனே வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் நோட்டு இன்னும் இருக்கிறது. சராசரி மட்டும் போடுவதில்லை.

கம்பெனிக்குத் திரும்பிய அன்று சூப்பர்வைசர் ஒரு கூடை பீஸ்களைக் கலந்து வைத்து, கெட்டதைப் பொறுக்கச் சொன்னாராம். அக்கா வந்து சொன்னார்: "எல்லாத்தையும் புடிச்சிட்டாங்க. கடைசில அவரு சட்டப் பட்டன்லயும் ஒண்ணு ஒட்டிட்டாங்க. நூல் தொங்குதாம்."

போன ஞாயிற்றுக்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நோட்டைப் படித்துக்கொண்டிருந்தார். நான் தடுக்கவில்லை. முதலிலிருந்து படித்தார். சில இடங்களில் மூக்கால் சிரித்தார். சுவரில் ஸ்டிக்கர் ஒட்டியதை எழுதிய பக்கம் வந்ததும் வெகு நேரம் திருப்பவில்லை.

"செவுத்துல ஒட்னது நானா?"

"ஆமா அத்தை."

"உன்ன யாருன்னு கேட்டனா?"

"கேட்டீங்க."

"நீ இன்னா சொன்ன?"

"உங்க வூட்டு பொண்ணுதான்னு சொன்னேன்."

அத்தை, நான் மடித்த துணிகளில் மேலே இருந்ததை எடுத்து, பிரித்து, மறுபடி சரியாக மடித்து வைத்தார். பிறகு நோட்டை மூடிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலைக் குறிப்பு எழுத நோட்டைத் திறந்தேன். நடுவில் ஒரு பக்கம் தடித்திருந்தது. திருப்பினேன். அந்தப் புதன்கிழமை. ஐந்து என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். அம்பு கேள்விக்குறியைக் காட்டியது. தேடினேன், மீதி ஏழெட்டு இடங்களிலும் ஒவ்வொன்று இருந்தது.

ரப்பரால் அழியாது, பேனாவில் எழுதியது. பிளேடு எடுத்து, தடம் தெரியாமல் ஒவ்வொரு கேள்விக்குறியாகச் சுரண்டினேன். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நோட்டைச் சமையலறைக்குக் கொண்டுபோய், ஸ்டிக்கர்களோடு அத்தையிடம் நீட்டினேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். சுரண்டிய இடங்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு, ஒவ்வொரு ஸ்டிக்கராக உரித்து எடுத்தார்.